கதர் உடுத்தியதால் எம்.பி.பி.எஸ். போச்சு... உலகத்துக்கு டெட்ராசைக்ளின் கிடைச்சது! யார் இந்த சுப்பாராவ்?

திருவள்ளூரை ஒட்டிய காக்களூரைத் தெரிந்தவர்களுக்கு அங்கே இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று சிட்கோ தொழிற்பேட்டை. இன்னொன்று ஆவின் பால் பண்ணை.

பொதுவாகவே பெரிய பால் பண்ணைகளில், டேங்கர் லாரி வந்து நின்றதும் பாலை உடனே உள்ளே இறக்கிவிட மாட்டார்கள். கொழுப்பு, புளிப்பு, கலப்படம் எனப் பல சோதனைகள் உண்டு. அதில் ஒன்று சின்ன காகிதப் பட்டை சோதனை. கர்ப்பப் பரிசோதனை கிட் மாதிரியே இருக்கும், கோடு விழுகிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் பட்டைகள் முக்கியமாகத் தேடுவது இரண்டு மருந்துக் குடும்பங்களை. முதலாவது பென்சிலின் வகை. அதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கை ஸ்கூல் புத்தகத்திலேயே படித்திருப்போம்.

இரண்டாவது டெட்ராசைக்ளின். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து வெளிவந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். பெயர் யெல்லாபிரகட சுப்பாராவ். இவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது அட்டெம்ப்ட்டில் பாஸ்

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். இன்று அது ஆந்திராவின் மேற்கு கோதாவரி. வீட்டில் வசதி கிடையாது. அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் வேலை போனது. படிப்பிலும் பையன் சூரப்புலி எல்லாம் இல்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் தேறினார். அதுவும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான். படிப்புச் செலவுக்கு அம்மா நகைகளை விற்றார்.

அடுத்து மெரினா எதிரே மாநிலக் கல்லூரி. அந்த வயதில் அவருக்கு டாக்டர் ஆகும் எண்ணமே இல்லை. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்றிருந்தார். மருத்துவம் படித்தால் மடத்தின் ஆஸ்பத்திரிப் பணிக்கு உதவுமே என்று பெரியவர்கள் திருப்பிவிட, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். காக்களூர்க்காரர்கள் திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், ரோட்டைத் தாண்டியதும் நிற்கிறதே, அதே கல்லூரிதான்.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டருக்குள் போடும் உடையையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வில் நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கைக்கு வரவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. மெட்ராஸ் அரசு மருத்துவப் பணிக்கான கதவும் அத்தோடு மூடியது. ஆங்கில மருத்துவம் படித்தவர், கடைசியில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கப் போனார்.

குடும்பத்தை உலுக்கிய வயிற்றுநோய்

இதற்கு நடுவே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேரும் குறுகிய இடைவெளியில் இறந்தார்கள். காரணம் ட்ராபிகல் ஸ்ப்ரூ. சாப்பிடுவது எதுவும் குடலில் ஒட்டாமல் பேதியாகவே போய், ரத்தசோகை வந்து, ஆளே உருகிவிடும் நோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. டாக்டருக்குப் படித்த தம்பி வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுப்பாராவுக்கே ஒருமுறை அந்த நோய் வந்து பிழைத்தார்.

இந்த ஸ்ப்ரூவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1919-ல் சேஷகிரியுடன் கல்யாணம். அமெரிக்கா போய் வெப்பமண்டல நோய்களைப் படிக்க வேண்டும் என்று கிளம்பினார். மாமனாரும், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்கம் நாயக்கர் அறக்கட்டளையும் பணம் கொடுத்தார்கள். 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. மனைவியை மறுபடி பார்க்கவும் இல்லை.

கண்டுபிடிப்பு உண்டு, நாற்காலி இல்லை

ஹார்வர்டில் டிப்ளமோ படித்த நாட்களில் செலவுக்காக ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் பார்த்தார். வேலை, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவுவது. பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925-ல் வெளியிட்டார்கள். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றதும் ரெக்கார்டு நோட்டைத் திறந்தே காட்டிவிடுவார்கள்.

1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதைக் காட்டினார்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் டப்பா டப்பாவாக வாங்கும் கிரியேட்டின் உடம்புக்குள் போய் ஆவது இதுதான். தசை சுருங்குவது எப்படி என்ற விளக்கத்துக்கு 1922-ல் நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்த விளக்கத்தையே இந்தக் கண்டுபிடிப்பு ஆட்டம் காண வைத்தது. அடுத்து, செல்களின் எரிசக்தியான ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமன் 1929-ல் அதைக் கண்டறிந்தார். ஹார்வர்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. ஃபிஸ்க் அவருடைய சில கண்டுபிடிப்புகளை வெளியே வரவிடவில்லை என்று, அதே துறையில் அப்போது மாணவராக இருந்து பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவும் தன் பெயருக்காக முட்டி மோதுகிற ஆள் இல்லை. அது அடக்கம் என்று பலரும் பாராட்டி எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. பேசாமல் இருக்கிறவர்களின் கணக்கில் மற்றவர்கள் வரவு வைத்துக்கொள்வது இன்றைக்கு ஆபீஸிலும் நடப்பதுதானே?

எட்டு வருஷம், நான்கு மருந்து

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை அவர் கைக்கு வந்தது. அடுத்த எட்டு வருஷத்தில் அங்கிருந்து வந்தவற்றைப் பார்த்தால், ஒரே ஆய்வுக்கூடமா என்று சந்தேகமே வரும்.

ஃபோலிக் ஆசிட் செயற்கையாகத் தயாரானது. கர்ப்பிணிகளுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதுதான். ஃபோலிக் ஆசிட்டுக்கு எதிராக வேலை செய்யும் அமினோப்டெரினும் அங்கேதான் உருவானது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் அடங்கியதாக 1948-ல் அறிவித்தார். கீமோதெரபியின் தொடக்கங்களில் ஒன்று அது. யானைக்கால் நோய்க்குத் தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து விழுங்க வைத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் லெடர்லி குழுவின் வேலை.

நான்காவதுதான் ஆரியோமைசின்.

பென்சிலின் மண்ணிலும் காற்றிலும் திரியும் பூஞ்சையிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. எனவே போர்க்காலத்தில் எல்லாக் கம்பெனிகளும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. சுப்பாராவின் குழுவில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டி, பல்கலைக்கழகத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தவர். தெரிந்த நண்பர்களிடமெல்லாம் மண் கேட்டு எழுதினார். மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் ஆராய்ச்சி வயலிலிருந்து வந்த மண்ணில் ஒரு மஞ்சள் நிற நுண்ணுயிர் வளர்ந்தது. அது சுரந்த பொருளும் தங்க நிறம். லத்தீனில் தங்கத்துக்கு ஆரம். ஆரியோமைசின் என்ற பெயர் அப்படி வந்தது. வேதியியல் பெயர் குளோர்டெட்ராசைக்ளின்.

பென்சிலின் தொட முடியாத பல கிருமிகளை இது அடக்கியது. டைஃபஸ் மாதிரியான காய்ச்சல்களைத் தரும் ரிக்கெட்சியாவும் அதில் அடக்கம். பல வகைக் கிருமிகளுக்கு ஒரே மாத்திரை, அதுவும் ஊசி இல்லாமல் வாய்வழியாக.

1948 ஜூலை 21 அன்று நியூயார்க் அறிவியல் அகாடமியில் மருந்து அறிமுகமானது. மேடையில் டக்கரின் பெயர்தான் முன்னால் இருந்தது. அடுத்த மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் மாதம், தூக்கத்திலேயே சுப்பாராவின் இதயம் நின்றது. வயது 53. கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை.

இப்போது ஸ்ப்ரூவுக்கு வருவோம். இன்று ட்ராபிகல் ஸ்ப்ரூ வந்தால் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து இரண்டு: ஃபோலிக் ஆசிட், டெட்ராசைக்ளின். இரண்டுமே சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்தவை. சகோதரர்கள் போய் முப்பது வருஷம் ஆகியிருந்தது.

கோழித் தீவனத்தில் ஆரம்பித்த சிக்கல்

அவர் இறந்த சில மாதங்களில், அதே லெடர்லியில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும் கோழிக் குஞ்சுகளுக்குத் தீவனச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். தேடியது பி12 வைட்டமின். ஆரியோமைசின் காய்ச்சிய பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்ததும் குஞ்சுகள் கிடுகிடுவென எடை போட்டன. சக்கையில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. கொஞ்ச காலத்தில் கோழி, பன்றி, மாடு எல்லாவற்றின் தீவனத்திலும் டன் டன்னாக டெட்ராசைக்ளின் போனது. நோய்க்காக இல்லை, எடைக்காக.

கிருமிகள் சும்மா இருக்குமா? டெட்ராசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் உட்கார்ந்து, புரதம் தயாரிப்பதை நிறுத்தும். பாக்டீரியாக்கள் அதற்கு மூன்று வழி வைத்திருக்கின்றன. மருந்து உள்ளே வந்ததும் பம்ப் போட்டு வெளியே தள்ளுவது ஒன்று. ரைபோசோமுக்குக் காவல் புரதம் வைப்பது இன்னொன்று. மருந்தையே உடைத்துப்போடும் நொதியைச் சுரப்பது மூன்றாவது. இவற்றைச் செய்யும் ஜீன்களுக்கு டெட்-ஏ, டெட்-பி, டெட்-எம், டெட்-எக்ஸ் என்று வரிசையாகப் பெயர் வைத்து, பல டஜன் ஜீன்களைப் பட்டியல் போட்டாகிவிட்டது.

இந்த ஜீன்கள் மனிதன் மருந்து தயாரித்ததால் புதிதாக முளைத்தவை இல்லை. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருஷமாக உறைந்திருந்த மண்ணிலும் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஜீன் கிடைத்தது. 2011-ல் அந்த ஆய்வு வெளியானது. மண்ணில் மருந்தைச் சுரக்கும் கிருமி இருந்தால், அதிலிருந்து தப்பிக்கும் கிருமியும் பக்கத்திலேயே இருக்கும் இல்லையா? எங்கோ மூலையில் கிடந்த ஜீனுக்கு உலகம் முழுக்க டிக்கெட் போட்டுக் கொடுத்ததுதான் நம்ம வேலை.

கிருமிக்கும் வம்சாவளி உண்டு

அந்த டிக்கெட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் ஜீன் அடிப்படையில் கிருமிகளை வகைப்பிரிக்கும் முறை வருகிறது.

ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கு ஒரே பாக்டீரியா என்று ரிப்போர்ட் வருகிறது. இரண்டும் ஒரே வம்சமா, இல்லை சும்மா ஒரே இனமா? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது. 1998-ல் வந்த ஒரு முறையில், பாக்டீரியாவின் அன்றாடப் பிழைப்புக்குத் தேவையான ஏழு ஜீன்களை மட்டும் எடுத்துப் படித்தார்கள். அந்த ஏழின் சேர்க்கைக்கு ஒரு எண். வண்டி நம்பர் பிளேட் மாதிரி. ஈ.கோலை 131 என்றால் சென்னையிலும் லண்டனிலும் அது ஒரே குடும்பம்தான். இப்போது முழு ஜீனோமையே படித்துவிடுகிறார்கள். எழுத்துக்கு எழுத்து எத்தனை மாற்றம் என்று எண்ணினால், இரண்டு கிருமிகளும் எந்தக் காலத்தில் பிரிந்தன என்று வருஷக் கணக்கில் மதிப்பிடலாம்.

சுப்பாராவின் மருந்து கிருமிகளின் குடும்ப மரத்தில் விட்ட தடமும் அப்படித்தான் தெரிய வந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் நஞ்சேற்றும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டு. பிரசவ வார்டுகளில் அது பெரிய எமனாகத் தலைதூக்கியது 1960களில். ஏன் அப்போது என்பது ரொம்ப நாள் புதிர். பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் தலைமையிலான குழு, பல நாடுகளில் சேகரித்த 229 ஸ்ட்ரெயின்களின் முழு ஜீனோமைப் படித்து 2014-ல் முடிவை வெளியிட்டது. டெட்-எம் ஜீனைத் தற்செயலாகப் பெற்ற ஒரு சில குளோன்கள், டெட்ராசைக்ளின் புழக்கம் பெருகிய காலத்தில் மற்ற வகைகளை ஓரங்கட்டிவிட்டு உலகம் முழுக்கப் பரவியிருந்தன. மனிதர்களிடம் இன்று கிடைக்கும் இந்தப் பாக்டீரியாவில் பெரும்பான்மை அந்த வாரிசுகள்தான். இத்தனைக்கும் அந்த நோய்க்கு நாம் கொடுப்பது டெட்ராசைக்ளின் இல்லை, பென்சிலின். வேறு எதற்கோ போட்ட மருந்து, வேறு எங்கோ ஒரு கிருமியை வளர்த்துவிட்டது.

2010-ல் சென்னை பெயர் அடிபட்டது

இந்த வகைப்பிரிப்பு நம்ம ஊரில் அரசியலாகவும் ஆகியிருக்கிறது. 2010-ல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ் இதழில் ஒரு கட்டுரை. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பிரிட்டனின் டிம் வால்ஷும் குழுவில் இருந்தார். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 ஜீன் கொண்ட கிருமிகளைத் தேடினார்கள். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா–பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 சிக்கின.

பெயரில் இருந்த நியூ டெல்லியும், சிகிச்சைக்காக இந்தியா வருவது ஆபத்து என்ற தொனியும் பெரிய சண்டையைக் கிளப்பின. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்று அரசுத் தரப்பு கொதித்தது. ஊர் பெயரைக் கிருமிக்கு வைத்தது தேவையில்லாத வேலை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் 44 கிருமி 44 கிருமிதான்.

அந்தச் சண்டையில் பலர் கவனிக்காத ஒரு வரி, அதே ஆய்வில் இருக்கிறது. இந்தக் கிருமிகள் பெரும்பாலும் இரண்டே இரண்டு மருந்துகளுக்குத்தான் கட்டுப்பட்டன. ஒன்று கொலிஸ்டின். இன்னொன்று டைகிசைக்ளின். பின்னது டெட்ராசைக்ளின் குடும்பத்துப் பேரன். பம்ப்பையும் காவல் புரதத்தையும் ஏமாற்றும்படி வடிவத்தை மாற்றி, பேர்ல் ரிவரில் அதே லெடர்லியின் வாரிசு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. 2005-ல் அனுமதி கிடைத்தது. சுப்பாராவ் வேலை பார்த்த ஊரின் மருந்து, அவர் படித்த ஊரின் ஐ.சி.யூ.க்களில் கடைசி கட்டத்தில் நின்றது.

அதற்கும் எதிரி வந்தாயிற்று. டைகிசைக்ளினையே உடைக்கும் டெட்-எக்ஸ்3, டெட்-எக்ஸ்4 ஜீன்களைச் சீனாவில் 2019-ல் அறிவித்தார்கள். பண்ணை விலங்குகளிலும் இறைச்சியிலும் அவை இருந்தன. தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்த பழக்கத்தின் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது.

சரி, நம்ம பாலில்?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அனுமதித்த அளவைத் தாண்டி ஆன்டிபயாடிக் இருந்தவை 77. சதவீதத்தில் 1.2. பதறும் அளவுக்கு இல்லை. காரணமும் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டால் சில நாள் கறக்கும் பாலைத் தனியே கொட்டிவிட வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு அந்தச் சில நாள் பால் என்பது அந்த வாரத்துச் சம்பளம். இந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று பேசாமல் விவசாயியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இதே மாதிரி, கொலிஸ்டினைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019-ல் தடை செய்தது.

சுப்பாராவின் பெயரில் ஒரு பூஞ்சை இனம் இருக்கிறது, 1953-ல் வைத்தது. நூற்றாண்டுக்கு 1995-ல் தபால்தலை வந்தது. ஆனால் அவருடைய மருந்து இன்றும் பிசியாக வேலை பார்க்கிற இடம் வேறு. புதர்களில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், வேலூர், திருவண்ணாமலை, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மழை, பனிக் காலத்தில் தலைகாட்டுகிறது. முதல் மருந்து டாக்ஸிசைக்ளின், அதே குடும்பம். தாய்லாந்தில் 1990களில் இதற்கும் எதிர்ப்பு வந்துவிட்டதாகப் பேசினார்கள். பின்னர் ஆதாரங்களை மறுபடி அலசியவர்கள் அது தவறான புரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. தீவிர ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றினால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று அது காட்டியது. இந்தக் கிருமியிடம் மட்டும், 1948-ன் மருந்துக் குடும்பம் இன்னும் தோற்கவில்லை.